மீன் முளையத்தில் ஆணும் பெண்ணும்

யப்பான் நாட்டு நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் மெடாக்கா என்னும் சிறு மீன் வாழ்கின்றது. ஓரங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட நீளமே உடையது. கண்ணாடிப் பாத்திரமொன்றில் நீரும் சிறிது நீர்ப்பாசியும் இருந்தாற் போதும். அங்கே வாழும், முட்டையும் இடும். விடியற்காலையிலே பெண் மீன் இடுகின்ற முட்டைகள் சிறு கொத்தாக அதன் வயிற்றின் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பின்னர் அவற்றை அது நீர்ச்செடிகளிலே உரசி ஒட்டிவிடும். முட்டையின் தோலோ பளிங்கு போன்றது. உள்ளே முளையம் வளர்வதையும், கண்கள் கறுப்பதையும், இதயம் துடிப்பதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் நாள்தோறும் பார்த்திருக்கலாம். காட்சிக்கு இத்துணை எளிய இம்மீனே, ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எவ்வாறு என்னும் பழைய வினாவிற்கு விஞ்ஞானிகள் விடை தேடிய களங்களுள் முதன்மையானதொன்றாயிற்று.

அவ்வினாவிற்கு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு விடை கிடைத்திருந்தது. கலத்தின் கருவினுள்ளே நூலிழை போன்ற நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றுள் எக்ஸ் எனப்படுவன இரண்டு அமைந்தாற் பெண். ஓர் எக்ஸும் ஒரு வையும் அமைந்தால் ஆண். மனிதருக்கும் இதுவே விதி, மெடாக்காவிற்கும் இதுவே விதி. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸே இருக்கும். தந்தையின் விந்தில் எக்ஸ் இருக்கலாம், வையும் இருக்கலாம். ஆகவே கருவுறும் அந்தக் கணத்திலேயே பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது முடிந்துவிடுகின்றது என்று பலரும் கருதினர். அவ்வாறாயின் அதன்பின் நடைபெறுவது யாவும் எழுதி முத்திரையிட்ட உறுதியை நிறைவேற்றுவது போன்றதே. ஆனால் அவ்வுறுதி திருத்த முடியாததுதானா?

1921 ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் ஐடா, மெடாக்கா மீனின் செம்மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பரம்பரையலகு அதன் வை நிறமூர்த்தத்தின் மீதும் இருக்கக்கூடும் என்பதை நிறுவினார். அச்செய்தியின் பயன் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யமமோட்டோ என்பவர், ஆண் மீன்கள் யாவும் செம்மஞ்சளாகவும் பெண் மீன்கள் யாவும் வெண்மையாகவும் இருக்கும் ஓர் இனவழியை வளர்த்து வந்தார். அவ்வினவழியிலே ஒரு மீன் எவ்வகை நிறமூர்த்தங்களோடு பிறந்தது என்பதைக் கண்ணாற் பார்த்தே சொல்லிவிடலாம். நிறம் பிறப்பிற்குச் சாட்சி. வயிற்றிலுள்ள சூலகமோ விதையோ அதன்பின் நடந்தவற்றிற்குச் சாட்சி. இரு சாட்சிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே எஞ்சியிருந்த வேலை.

யமமோட்டோ, முட்டையினின்றும் அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகளுக்கு இடும் உணவுத் தூளிலே பெண் ஓமோனைக் கலந்து கொடுத்தார். 1953 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு, உயிரியல் அறிந்தோரை நிமிர்ந்து உட்காரச் செய்தது. போதிய அளவு ஓமோனை உண்டு வளர்ந்த குஞ்சுகள் யாவும் பெண்களாயின. வெண்ணிறப் பெண்கள் பெண்களானதில் வியப்பில்லை. செம்மஞ்சள் நிறத்தவையும், அதாவது ஆணுக்குரிய வை நிறமூர்த்தத்தைத் தாங்கியவையும், சூலகம் பெற்று முட்டையிட்டன.

இது வெறும் தோற்றமோ என்று ஐயுறுவோருக்கு அவர் அளித்த விடை இன்னும் அழகியது. அத்தகைய செம்மஞ்சட் பெண்ணை அவர் இயல்பான செம்மஞ்சள் ஆணோடு இணைத்தார். இப்போது தாயிடத்தும் எக்ஸ், வை என்னும் இரண்டும் உள்ளன, தந்தையிடத்தும் இரண்டும் உள்ளன. கணக்கின்படி நான்கிலொரு பங்கு முட்டைகள் இரு பக்கத்திலிருந்தும் வையையே பெறவேண்டும். இயற்கையிலே எளிதிற் காணக்கிடையாத இரட்டை வை ஆண் மீன் இவ்வாறு தோன்றியது. அவற்றுட் பல நலிந்து இறந்தபோதிலும், வளர்ந்து முதிர்ந்தவற்றை இயல்பான பெண் மீன்களோடு சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண்கள். 1958 ஆம் ஆண்டில் அவரே இதன் மறுதலையையும் செய்துகாட்டினார். மீதைல்தெஸ்தொஸ்தரோன் என்னும் ஆண் ஓமோனை ஊட்டி, இரண்டு எக்ஸ் கொண்ட வெண்ணிறக் குஞ்சுகளை ஆணாக்கினார். அவ்வாண்களுக்குப் பிறந்த குஞ்சுகள் யாவும் பெண்கள். கருவுறும் கணத்தில் எழுதப்பட்ட உறுதியை ஒரு சிட்டிகைத் தூள் திருத்திவிட்டது; அத்திருத்தம் ஒரு தலைமுறையோடு நில்லாது அடுத்த தலைமுறையின் ஆண் பெண் விகிதத்தையும் மாற்றிவிட்டது.

நேயர்கள் இங்கே ஒரு வினா எழுப்பக்கூடும்: மனிதக் குழவியிலும் இவ்வாறு செய்யலாமோ? இயலாது. பாலூட்டிகளின் கருவிலே சூலகமாவதா விதையாவதா என்னும் தீர்மானத்தைப் பால் ஓமோன்கள் இத்துணை எளிதில் அசைப்பதில்லை. அவற்றின் ஆட்சி பெரும்பாலும் அதன் பின்னரே தொடங்குகின்றது. மீனிலோ அத்தீர்மானமே ஓமோன்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றது. மீனின் நெகிழ்ச்சிக்கு வேறொரு சான்றும் உண்டு. மனிதரின் வை நிறமூர்த்தம் எக்ஸைக் காட்டிலும் மிகச் சிறியது. எக்ஸின்றி வை மட்டும் கொண்டு மனித உயிர் வளரமுடியாது. மெடாக்காவின் எக்ஸும் வையும் ஏறத்தாழ ஒன்றே போன்றவை. ஆதலாலேதான் இரட்டை வை மீனும் உயிரோடிருக்க முடிகின்றது.

முளையத்தினுள்ளே நடப்பது என்ன? முட்டை கருவுற்றுச் சில நாட்களில், பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தாகவோ மாறவேண்டிய மூல இனக்கலங்கள் முளையத்தின் வேறிடங்களிலிருந்து நகர்ந்து வந்து, சூலகமோ விதையோ அமையவேண்டிய இடத்திற் குடியேறுகின்றன. அப்போது அவ்வுறுப்பு இரண்டிற்கும் பொதுவானது, எதுவாகவும் ஆகலாம். மெடாக்காவிலே வேற்றுமையின் முதலடையாளம் எண்ணிக்கையிலே தோன்றுகின்றது. பெண்ணாகப் போகும் முளையத்தில் இனக்கலங்கள் விரைந்து பெருகுகின்றன. ஆணாகப் போவதில் அவை தயங்கி நிற்கின்றன. குஞ்சு பொரிக்கும் வேளையில் இவ்வேற்றுமை எண்ணிப் பார்க்கத்தக்க அளவிற்கு வந்துவிடுகின்றது. 2002 ஆம் ஆண்டில் யப்பானிலும் செருமனியிலும் இருந்த ஆராய்ச்சியாளர், வை நிறமூர்த்தத்தில் இத்தயக்கத்தை உண்டாக்கும் பரம்பரையலகு எது என்பதையும் கண்டுபிடித்தனர். பாலூட்டியல்லாத முதுகெலும்பு விலங்கொன்றிலே இத்தகைய பரம்பரையலகு கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

அதற்குமேல் ஓமோன்களின் அலுவல் தொடங்குகின்றது. யமமோட்டோவின் காலத்திலே, பெண்ணாவதற்குப் பெண் ஓமோன், ஆணாவதற்கு ஆண் ஓமோன், இரண்டும் சமநிலையில் நின்று மீன் குஞ்சை ஆளுக்கொரு பக்கமாக இழுக்கின்றன என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது. கேட்பதற்கு நேர்த்தியான கருத்து. ஆனால் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டும் படம் அவ்வளவு சமச்சீரானதன்று. உடலில் ஆண் ஓமோனைப் பெண் ஓமோனாக மாற்றும் நொதியம் ஒன்று உண்டு. அரோமற்றேஸ் என்பது அதன் பெயர். மருத்துவரும் விலங்கியலாரும் நன்கறிந்த நொதியமே அது. இந்நொதியம் வேலை செய்யும் குஞ்சிலே ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஓமோன் சுரந்து சூலகம் உருவாகின்றது. வேலை செய்யாத குஞ்சிலே விதை உருவாகின்றது. நைல் திலாப்பியா மீனிலே அந்நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகைச் சிதைத்துவிட்டால், இரண்டு எக்ஸ் கொண்டு பிறந்த குஞ்சும் ஆணாகவே வளர்கின்றது. ஆகவே, பல மீன்களிலே ஆணாவதைத் தீர்மானிப்பது ஆண் ஓமோனின் வருகை என்பதைவிட, உரிய காலத்திலே பெண் ஓமோன் வாராமை என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. விதை உருவான பின்னரே மீன்களுக்குரிய சிறப்பு ஆண் ஓமோன் மிகுதியாகச் சுரந்து நிறத்தையும் துடுப்பையும் நடத்தையையும் ஆணுக்குரியவாறு அமைக்கின்றது.

உரிய காலம் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து சேரும் ஓமோனின் ஆற்றல் முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. உறுப்பு இன்னும் எதுவாகவும் ஆகாதிருக்கும் அந்தச் சில நாட்களில் மிகச் சிறிய அளவே போதும். மெடாக்காவிலே குஞ்சு பொரிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கருவுற்ற முட்டைகளை ஓமோன் கரைந்த நீரிற் சிறிது நேரம் வைத்தெடுத்தாலே பால் மாற்றம் நிகழ்வதுண்டு. அந்நாட்கள் கழிந்தபின் அதே ஓமோனைப் பன்மடங்கு கொடுத்தாலும் அவ்வளவு எளிதில் பயன் விளைவதில்லை. எனினும் கதவு முற்றாகப் பூட்டப்படுவதாகவும் சொல்வதற்கில்லை. நன்கு முதிர்ந்து முட்டையிட்ட பெண் திலாப்பியாவிற்கு, அரோமற்றேஸைத் தடுக்கும் மருந்தை நெடுநாள் ஊட்டியபோது சூலகம் சிதைந்து விதை தோன்றியமை கண்டறியப்பட்டுள்ளது. சூலகம் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட வீடன்று. பெண் ஓமோன் நாளும் தாங்கிக்கொண்டிருந்தாலே அது நிலைக்கின்றது.

வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனிலே வேறொரு விந்தை. அதன் குஞ்சுகள் யாவும் முதலிற் சூலகம் போன்ற உறுப்பையே பெறுகின்றன. பின்னர் அவற்றுட் சிலவற்றில் அச்சூலகம் தேய்ந்து விதையாக மாறுகின்றது. பெண்மையின் வாசலைக் கடந்தே அங்கு ஆண் பிறக்கின்றது.

முளையத்திற்கு வந்து சேரும் ஓமோன் அதன் சொந்தச் சுரப்பு மட்டுமன்று. தாயின் இரத்தத்திலுள்ள ஓமோன்கள் முட்டையின் மஞ்சட்கருவிலும் சென்று தங்கியிருப்பது சமன் மீன்களிற் காணப்பட்டுள்ளது. முளையம் வளர வளர அவை குறைந்துபோகின்றன. முட்டைக்கு வெளியேயுள்ள நீரின் வெப்பமோ இன்னும் வலிய கை. ஆர்ஜென்ரீனாவின் நன்னீர் நிலைகளில் வாழும் பெஹெரேய் என்னும் மீனின் குஞ்சுகளை 17 பாகை செல்சியஸ் நீரில் வளர்த்தால் அனைத்தும் பெண்ணாகின்றன. 29 பாகையில் வளர்த்தால் அனைத்தும் ஆணாகின்றன. இடைப்பட்ட வெப்பத்தில் மட்டுமே நிறமூர்த்தங்களின் சொல் எடுபடுகின்றது. வெப்பம் எவ்வாறு ஓமோனாக மாறுகின்றது என்பதற்கும் விளக்கம் உண்டு. மிகுந்த வெப்பத்தால் அல்லலுறும் குஞ்சின் உடலில் கோட்டிசோல் என்னும் ஓமோன் பெருகுகின்றது. மனிதர் அச்சத்திலும் கவலையிலும் இருக்கும்போது பெருகுவதும் அதுவே. அது பெருகும்போது அரோமற்றேஸ் தாழ்கின்றது, பெண் ஓமோன் குறைகின்றது, குஞ்சு ஆணாகின்றது.

இது இயற்கையின் பிழையென்று எண்ணிவிடலாகாது. வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலே வாழும் வெள்ளிநிறச் சிறு மீனொன்றைப் பற்றி 1981 ஆம் ஆண்டில் கொனோவர், கைனாட் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒளி தருகின்றது. இளவேனிலின் தொடக்கத்தில், நீர் குளிர்ந்திருக்கும்போது பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்களாகின்றன. அவற்றிற்கு வளர்வதற்கு நீண்ட காலம் கிடைக்கின்றது. பெரிய பெண் மீன் மிகுதியான முட்டைகளை இடும். கோடையிற் பிந்திப் பிறப்பவை ஆண்களாகின்றன. ஆண் சிறியதாயினும் கருவுறச் செய்வதற்குக் குறைவில்லை. நீரின் குளிரையே நாட்காட்டியாகக் கொண்டு அம்மீன் தன் குடும்பத்தை வகுத்துக்கொள்கின்றது என்று சொன்னாலும் மிகையன்று. ஆனால் உலகின் நீர்நிலைகள் வெப்பமுற்றுவரும் காலத்திலே, அதே நாட்காட்டி தவறான நாளைக் காட்டவும் கூடும்.

ஆய்வுகூடத்திற் பிறந்த அறிவு சந்தைக்கு வந்த கதையும் சொல்லவேண்டியதே. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை அறியாத நேயர் இலர். நாட்டின் குளங்களிலே பிடிக்கப்படும் மீனில் பெரும்பங்கு திலாப்பியா இனமே. பெருங்குளங்களில் நன்கு வாழும் இம்மீன் சிறு வளர்ப்புக் குளத்தில் ஒரு தொல்லை தருகின்றது. சில மாதங்களிலேயே முதிர்ந்து இனம்பெருக்கத் தொடங்கிவிடும். பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயினுள்ளே வைத்துக் காப்பதால் அந்நாட்களில் இரையெடுப்பதும் இல்லை. விளைவு, குளம் நிறையக் கையளவும் வளராத மீன்கள். ஆண்மீன்கள் விரைந்து பெருப்பவை. ஆதலின் ஆண்களை மட்டுமே வளர்க்க வழியுண்டாவென்று மீன்வளர்ப்போர் தேடினர். மலாக்காவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்லிங் என்பவர் இருவேறு திலாப்பியாக்களைக் கலந்து ஆண் குஞ்சுகளையே பெற்றதை 1960 ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆயினும் இனத்தூய்மையைக் காப்பது கடினமாயிருந்தமையால் அம்முறை பரவலாக நிலைக்கவில்லை.

நிலைத்தது யமமோட்டோவின் முறையே. மீதைல்தெஸ்தொஸ்தரோனை மதுசாரத்திற் கரைத்து, ஒரு கிலோகிராம் உணவிற்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் என்னும் அளவிற் கலந்து உலர்த்தி, இரையெடுக்கத் தொடங்கும் குஞ்சுகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரம் ஊட்டுகின்றனர். ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும் ஆணாகின்றன. அதன்பின் அவை சந்தைக்கு வரப் பல மாதங்கள் செல்வதால், உண்பவருடைய தட்டிற்கு வரும்போது அவ்வோமோன் மீனுடலில் எஞ்சுவதில்லை எனலாம். கவலைக்குரியோர் வேறிடத்தில் உள்ளனர்: வெறுங்கையால் அத்தூளைக் கலக்கும் தொழிலாளரும், குஞ்சுத் தொட்டியின் நீர் சென்று சேரும் ஓடையில் வாழும் உயிர்களும்.

இதைத் தவிர்க்க நுட்பமான ஒரு வழியும் உண்டு. ஓமோனை உண்ணப்படும் மீனுக்குக் கொடாது அதன் பெற்றோர், பாட்டன்மாருக்குக் கொடுப்பது. பிரித்தானியாவின் வேல்சு நாட்டவரும் பிலிப்பீன்சு நாட்டவருமாகிய ஆராய்ச்சியாளர் 1990 களில் இரட்டை வை கொண்ட நைல் திலாப்பியா ஆண்களை உருவாக்கினர். அவற்றின் குஞ்சுகள் ஏறத்தாழ அனைத்தும் ஆண். வானவில் திரவுத்து மீன் வளர்ப்போர் இதற்கு மாறாகப் பெண்களையே விரும்புகின்றனர். அம்மீனின் ஆண்கள் முன்கூட்டியே முதிர்ந்து ஊனின் தரம் கெட்டுவிடுவதே காரணம். ஆகவே இரண்டு எக்ஸ் கொண்ட குஞ்சுகளை ஆணாக்கி, அவற்றைத் தந்தையராகக் கொண்டு பெண் குஞ்சுகளை மட்டும் பெறுகின்றனர். இரு முறைகளிலும் உணவாகும் மீன் ஓமோனைத் தீண்டியதே இல்லை. காலமும் பொறுமையும் வேண்டும் என்பது ஒன்றே குறை. நேரடியாக ஊட்டும் முறையைக் காட்டிலும் இது விரும்பத்தக்கது என்பதில் ஐயத்திற்கிடமில்லை.

எவரும் எண்ணி ஊட்டாமலே ஓமோன் மீனைச் சேர்வதும் உண்டு. பிரித்தானிய ஆறுகளில் வாழும் ரோச் என்னும் மீனின் ஆண்களில், விதையினுள்ளே முட்டைகள் காணப்படுவது பரவலாக உள்ளதென 1998 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அறிவித்தது. நகரங்களின் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்ட பின்னரே அவ்வாறுகளிற் கலக்கின்றது. எனினும் மனித உடலிலிருந்து வெளியேறும் பெண் ஓமோனும், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஓமோனும் அதிலே எஞ்சியிருந்தன. ஆற்று மீனின் முட்டையும் குஞ்சும் அந்நீரிலேயே கிடந்து வளர்கின்றன.

இத்துணைச் சிறிய அளவு ஓர் ஏரியின் மீனினத்தை என்செய்துவிடும் என்று கேட்டோருக்குக் கனடா நாட்டில் விடை கிடைத்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கே ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள. அவற்றுள் ஒன்றில், 2001 ஆம் ஆண்டு முதல் 2003 ஆம் ஆண்டு வரை மூன்று கோடைகாலங்களில், கருத்தடை மாத்திரையிலுள்ள ஓமோனைக் கரைன் கிட் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் குழுவினரும் கலந்து வந்தனர். ஒரு லீற்றர் நீரில் ஐந்து அல்லது ஆறு நானோகிராம்; ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த ஏரியிலே கூட்டங்கூட்டமாக வாழ்ந்த ஒருவகைச் சிறு கெண்டை மீனின் ஆண்கள், பெண் மீனுக்கே உரிய முட்டைப் புரதத்தைத் தம் உடலில் ஆக்கத் தொடங்கின. அவற்றின் விதைகள் வளர்ச்சி குன்றின. சிலவற்றில் முட்டைகளும் தோன்றின. ஆண்டுதோறும் பிறக்கும் குஞ்சுகள் குறைந்து, ஓரிரு ஆண்டுகளே வாழும் அம்மீனினம் ஏரியில் அற்றுப்போகும் நிலையை எய்தியது. அச்சிறு மீனை இரையாகக் கொண்ட பெரிய மீன்களும் மெலிந்தன. இம்முடிவுகள் 2007 ஆம் ஆண்டில் வெளியாயின.

ஓமோன் இடுவது நிறுத்தப்பட்டபின் ஆராய்ச்சியாளர் அவ்வேரியை விட்டகலவில்லை. ஆண்டுதோறும் வலையிட்டு எண்ணி வந்தனர். எஞ்சியிருந்த சில மீன்கள் தூய நீரிலே முட்டையிட்டன. அம்முட்டைகளிற் பிறந்த ஆண்கள் ஆண்களாகவே வளர்ந்தன. சில ஆண்டுகளுள் அச்சிறு மீனின் கூட்டங்கள் மறுபடியும் கரையோரத்து ஆழமற்ற நீரிலே முன்போல நிறைந்தன.